சுமித்ரோ வீட்டுக் குளியலறை எறும்புகள்

"எனக்கு யாரோ விஷம் வைக்கிறாங்க," என்றார் சுமித்ரோ, ஓட்டலில் காப்பி ஆறிப்போய்விட்டது என்று புகார் சொல்கிற குரலில்.

இபு ராத்ரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் தொங்கிய கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சோலைப்பாடி, வாலை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் கேட்கும்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

இபு ராத்ரி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல காலம் புலனாய்வு செய்தவள். சொந்தக் கடைக்குத் தீ வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு தேய்ந்துபோயிருந்தது. ஓய்வு பெற்றதும் சோலோ நகரத்தில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்ணை 'இபு' என்றும் ஆணை 'பாக்' என்றும் சொல்வோம். நான் தார்யோனோ, அவளுடைய உதவியாளன். மோட்டார் சைக்கிள் என்னுடையது. அவள் வாய் திறக்க விரும்பாத நேரங்களில் அவளுடைய வாயும் நான்தான்.

"யாரோன்னா எப்படி, பாக் சுமித்ரோ?" என்றேன். "உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களை மட்டும் சந்தேகப்பட்டாலே ஊர்ல பாதிப் பேரை விசாரிக்கணுமே!"

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சுமித்ரோ மருந்து மொத்த வியாபாரி. சந்தையைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகள் அத்தனைக்கும் அவருடைய கிடங்கிலிருந்துதான் சரக்கு போகும்.

"யாருன்னு தெரிஞ்சாச்சு," என்றான் அவருடைய மகன் பீமோ. தலைமுடிக்கு எண்ணெய் போட்டு வாரியிருந்தான். "எங்க சின்னம்மா லரஸாதிதான். ஆதாரம் மட்டும் நீங்க கொண்டு வாங்க. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஹண்டோகோ வர்றாரு, பிடிச்சுக் கொடுத்துடலாம்."

"ரொம்ப வசதி," என்றேன். "குற்றவாளியை நீங்க சமைச்சு வெச்சுட்டீங்க. நாங்க பரிமாறினாப் போதும்."

நடந்தது இதுதான். சில மாதங்களாகவே சுமித்ரோவுக்குக் கால் எலும்பெல்லாம் குத்திக் குடைந்தது. படியேற முடியவில்லை. ஓயாத தாகம், ஓயாமல் குளியலறைக்கு நடை. ஒருநாள் குளியலறையில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பீமோ பார்த்தான். உடனே அவனுக்கு மருத்துவ ஞானம் பிறந்துவிட்டது. 'சர்க்கரை வியாதி' என்று தீர்ப்புச் சொல்லி, அதற்கான மாத்திரையைக் கொண்டுவந்து அப்பாவை விழுங்க வைத்தான். மறுநாள் சுமித்ரோ காரிலேயே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை தரை தட்டிக் கிடந்தது. சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு, ஈயம் மாதிரி உலோக விஷமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினாள். 'விஷம்' என்ற சொல்லோடு பீமோ காதை மூடிக்கொண்டான். வீட்டில் தினமும் காலையில் ஜாமு என்ற மூலிகைக் கஷாயம் காய்ச்சி சுமித்ரோவுக்குக் கொடுப்பது அவருடைய இரண்டாவது மனைவி லரஸாதி. அன்று மாலையே அவளுடைய பெட்டி தெருவுக்கு வந்தது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று இபு ராத்ரி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"ஒண்ணும் கிடையாது. டாக்டரும் இதையேதான் கேட்டாங்க," என்ற சுமித்ரோ, கஷ்டப்பட்டு எழுந்து கூண்டுக்குப் போனார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பறவையின் தண்ணீர்க் கிண்ணத்தில் மஞ்சள் பொடியைத் தூவினார். மனைவியைத் துரத்திய கை அது. இப்போது அத்தனை நளினமாக இருந்தது. "இதுக்குச் சளி பிடிச்சா தொண்டை போயிடும். போட்டியில ஜெயிச்ச பறவை."

"அதுக்கும் விஷம் வெச்சிருப்பாங்களோ?" என்றேன்.

"அதுக்கு நானே என் கையால வைக்கிறேன்," என்றார் சுமித்ரோ பெருமையாக.

டாக்டர் ஹெர்லினா சின்ன உருவம், பெரிய கண்ணாடி. ஆஸ்பத்திரி வாசலில் நின்று தாமரைக்கொட்டை கொறித்துக்கொண்டே பேசினாள்.

"சிறுநீரகத்துக்குள்ள நுண்ணிய குழாய்கள் இருக்கு. வடிகட்டினதுல நல்லதை எல்லாம் உறிஞ்சித் திரும்ப உடம்புக்கு அனுப்பறது அதோட வேலை. அது கெட்டுப்போனா சர்க்கரை, உப்பு, எலும்புக்கு வேண்டிய சத்து எல்லாம் வெளியில ஓடிடும். ரத்தத்துல சர்க்கரை சரியாவே இருக்கும், எறும்பு மட்டும் விருந்து சாப்பிடும்."

"அதைப் பார்த்துட்டுப் பிள்ளை மாத்திரை கொடுத்திருக்கான்," என்றாள் இபு ராத்ரி.

"இருந்த சர்க்கரையையும் இறக்கிட்டான். இன்னும் ஒரு வேளை கொடுத்திருந்தா உங்களுக்கு வேலை இருந்திருக்காது."

"ஈயமா?"

"ஈயம், காட்மியம் எல்லாம் பார்த்தாச்சு. காலையிலதான் முடிவு வந்துச்சு. எதுவுமே இல்லை. அப்ப பெரியவங்களுக்கு இது வர்ற அடுத்த வழி மருந்து. சில மருந்து இந்தக் குழாயை அரிச்சுடும். ஆனா மருந்து வியாபாரியே மருந்து சாப்பிடலைன்னு சத்தியம் பண்றார். நான் என்ன பண்ண?"

"கஷாயத்துல மருந்தைக் கலந்திருக்கலாம்," என்றேன்.

"கலக்கறாங்க. நிறையப் பேர் கலக்கறாங்க. போய்ப் பாருங்க."

லரஸாதி சந்தையின் கிழக்கு மூலையில், கூடையைச் சுற்றிக் கஷாயப் பாட்டில்களை விற்பனைக்கு அடுக்கி உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொடாத வயது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் மாதிரியே இல்லை. கொண்டை இறுக்கமாக, முகம் அதைவிட இறுக்கமாக இருந்தது.

"அவர் அனுப்பினாரா?" என்றாள்.

"ஆமா," என்றாள் இபு ராத்ரி. "நீங்க விஷம் வெச்சீங்களா?"

"வெச்சிருந்தா இப்படி அரைகுறையாவா வெச்சிருப்பேன்?"

இபு ராத்ரியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அவள் சிரித்ததற்கு அதுதான் சாட்சி.

"அவருக்குக் காய்ச்சற அதே பானைதான் இது," என்று லரஸாதி ஒரு குவளை மஞ்சள் கஷாயத்தை ஊற்றி, எங்கள் முன்னாலேயே குடித்தாள். "மஞ்சள், புளி, இஞ்சி, பனைவெல்லம். தினமும் நானும் குடிக்கிறேன். இந்தச் சந்தையே குடிக்குது. ஒருத்தருக்காவது எலும்பு வலிக்குதான்னு கேட்டுப் பாருங்க."

கேட்டோம். அதுதான் அன்றைக்கு எங்கள் வேலை. மீன்காரி, துணிக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டோம். எல்லோரும் கல்லு மாதிரி இருந்தார்கள். மீன்காரி நான் கேட்ட கேள்விக்கு, "உனக்கு வேணும்னா எலும்பை எண்ணிக் காட்டறேன், வா," என்று கத்தியைத் தூக்கினாள்.

"இபு, இந்த வழி முட்டுச்சந்து," என்றேன். "கஷாயம் குடிச்சவங்க எல்லாரும் பயில்வானா இருக்காங்க."

அப்போதுதான் சகிமின் வந்தான். இறைச்சி உருண்டை சூப் விற்கிறவன். வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைத்தான். வந்ததும் கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிக் குடித்தான்.

"அக்கா, இன்னிக்காவது கசக்காததாக் கொடுங்களேன், கால் வலிக்கு ஏதாவது!" என்றான் லரஸாதியிடம்.

"எத்தனை நாளா குடின்னு கெஞ்சறேன். கசக்கும்னு தொட மாட்டேங்கறான்," என்றாள் அவள் எங்களிடம்.

"கசந்தா எனக்கு வாந்தி வரும்," என்றான் சகிமின்.

நான் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, நீங்க ஒதுங்கற இடத்துல எறும்பு வருதா?"

"ஐயோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் முகம் வெளுத்தது. "சுவர்ப் பக்கம் போனா வரிசையா வருது. சக்கரை வியாதின்னு ஊரே சிரிக்குது."

இபு ராத்ரி கைப்பையைக் கீழே வைத்தாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம்.

"கஷாயம் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லையே?"

"சத்தியமா இல்லை."

"அப்ப வேற என்ன முழுங்கறீங்க?"

"ஒண்ணுமில்லை இபு. அக்குள்ல கட்டி வரும். அதுக்கு மட்டும் காப்ஸ்யூல்." சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். டெட்ராசைக்ளின். பளபளவென்று புது அட்டை. இன்னும் இரண்டு வருஷம் நன்றாயிருக்கும் என்று தேதி அச்சாகியிருந்தது. "பெட்டிக்கடையில மலிவாக் கிடைக்குது. கட்டி போனாலும் திரும்ப வரக்கூடாதுன்னு தினமும் போட்டுக்கறேன்."

"எங்க வீட்டுக்காரரும் இதைத்தான் முழுங்குவாரு," என்றாள் லரஸாதி மெதுவாக. "கழுத்துல கொப்புளம் வரும் அவருக்கு. புதினா மிட்டாய் மாதிரி வாயில போட்டுக்குவாரு. அதை மருந்துன்னு அவர் ஒருநாளும் சொன்னதில்லை."

இபு ராத்ரி ஒரு காப்ஸ்யூலை நகத்தால் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினாள். காப்பித்தூள் மாதிரி பழுப்பாக, கட்டிகட்டியாக விழுந்தது. போனில் டாக்டர் ஹெர்லினாவைப் பிடித்து நிறத்தைச் சொன்னாள். மறுமுனையில் கொறிக்கிற சத்தம் நின்றது.

"அது மஞ்சளா இருக்கணும்! பழுப்பாச்சுன்னா பழசாகிக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அப்படிக் கெட்ட டெட்ராசைக்ளின்தான் அந்தக் குழாய்களை அரிக்கும். படிச்சிருக்கேனே தவிர இதுவரை பார்த்ததில்லை. அந்த ஆளை உடனே நிறுத்தச் சொல்லி என்கிட்ட அனுப்புங்க!"

"தேதி புதுசா இருக்கே?"

"தேதியை யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். பொடியை என்ன பண்ண முடியும்?"

சகிமின் எங்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் செத்துடுவேனா?"

"மாட்டீங்க," என்றாள் இபு ராத்ரி. நான் அவளிடம் கேட்டதிலேயே மென்மையான குரல் அது. "லரஸாதி, இவரை ஒரு ரிக்ஷாவில ஏத்தி டாக்டர்கிட்ட அனுப்பிட்டு நீங்களும் வீட்டுக்கு வாங்க."

"எந்த வீட்டுக்கு?"

"உங்களைத் துரத்தின வீட்டுக்குத்தான். ஒரு வேடிக்கை இருக்கு."

நாங்கள் போனபோது இன்ஸ்பெக்டர் ஹண்டோகோ வராந்தாவில் உட்கார்ந்து வாழைப்பழ வறுவலைக் காலி செய்துகொண்டிருந்தார். பீமோ அவருக்கு விசிறாத குறைதான்.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சுது," என்றாள் இபு ராத்ரி. "பாக் சுமித்ரோ, அந்தப் பறவையோட மருந்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"பறவைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பாட்டுப் பிடிச்சிருக்கு. அதான்."

அவர் பொட்டலத்தை நீட்டினார். அவள் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினாள். எலுமிச்சை மஞ்சள். பொட்டலத்தின் மேல் டெட்ராசைக்ளின் என்று எழுதியிருந்தது, கீழே ஒரு பறவைக் கடையின் பெயர்.

"இப்ப உங்க சட்டைப் பையில இருக்கறது."

சுமித்ரோவின் கை தானாகப் பையை மூடிக்கொண்டது. "அது... சும்மா கொப்புளத்துக்கு. அதெல்லாம் மருந்துக் கணக்குல வராது."

இன்ஸ்பெக்டர் வறுவலைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். காப்ஸ்யூல் பிரிந்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் பழுப்பு விழுந்தது. பார்க்க யாருக்கும் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"ரெண்டும் ஒரே மருந்து," என்றாள் இபு ராத்ரி. "ஒண்ணு புதுசு. ஒண்ணு கெட்டுப்போன பழசு. உங்க சிறுநீரகத்தை அரிச்சது இந்தப் பழுப்புதான். சந்தையில சூப் விக்கிற ஒருத்தர் உங்க சரக்கை வாங்கிச் சாப்பிட்டு, உங்க மாதிரியே நொண்டறார். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். கிடங்கு நிறைய இந்த மருந்தை வெச்சுக்கிட்டு, பறவைக்கு எதுக்குப் பறவைக் கடையில வாங்கறீங்க?"

சுமித்ரோ கூண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பறவை விலை அதிகம், இபு," என்றேன். "அதுக்குப் போய்த் தன் கிடங்குச் சரக்கைக் கொடுப்பாரா?"

அதற்குப் பிறகு நாங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சுமித்ரோ தட்டில் கிடந்த பழுப்புப் பொடியையே பார்த்தார். தனக்குள் போனது எது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகன் பக்கம் திரும்பியவர், போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார்.

"மடையா! வீட்டு அலமாரிக்குக் கிடங்குல நீலக் கதவு அறையில இருக்கற நல்ல சரக்கை மட்டும் எடுத்து வைன்னு சொன்னேனா இல்லையா?"

"அது பூட்டியிருந்துச்சுப்பா! சாவியை நீங்க யாருக்கும் தர மாட்டீங்க. வெளியில அடுக்கியிருந்ததுல எடுத்தேன்."

"அதை எதுக்குடா எடுத்தே?"

"எல்லாப் பெட்டியிலயும் புதுத் தேதிதானே இருந்துச்சு!"

பீமோ அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தேதிகள் எப்படி வந்தன என்பது அப்பனுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

"அருமையான அச்சு, பாக் சுமித்ரோ," என்றாள் இபு ராத்ரி. "பெத்த பிள்ளையே நம்பிட்டான். ஊர் ஏமாறினதுல என்ன ஆச்சரியம்?"

இன்ஸ்பெக்டர் ஹண்டோகோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கிடங்குச் சாவி."

சாவி வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ஊரைப் பற்றியோ சகிமினைப் பற்றியோ வாசலில் வந்து நின்ற மனைவியைப் பற்றியோ அல்ல.

"எனக்குக் குணமாகுமா?"

"இதை நிறுத்தினா சில மாசத்துல பெரும்பாலும் சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க," என்றாள் இபு ராத்ரி. "இந்தக் கேஸ்ல எனக்கு உறுத்தற ஒரே விஷயம் அதுதான். சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போச்சு?"

"ஞாபகம் இல்லை."

"மாஸ்," என்றாள் லரஸாதி வாசலிலிருந்தே. கணவனை அவள் அப்படித்தான் அழைப்பாள், அண்ணனை அழைப்பது போல. அன்றைக்கு அதில் மரியாதை ஒரு பொட்டும் இல்லை. "எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு கடையும் தெரியும். கடைக்காரங்க பெண்டாட்டிங்களையும் தெரியும்."

"லரஸாதி, வெளியில சொல்லிடாதே. எனக்கு உன்மேல கோபம் எல்லாம் போயிடுச்சு. பெட்டியை எடுத்துக்கிட்டு உள்ள வா. நாளைக்குக் காலையில கஷாயம்..."

"நான் விஷம் வைக்கிறவளாச்சே. எப்படிக் குடிப்பீங்க?" அவள் படியேறவே இல்லை. திரும்பி நடந்தாள். நான் ஓடிப்போய் அவளைச் சந்தைக்கு ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

சந்தை அலுவலகத்தின் ஒலிபெருக்கியில் வழக்கமாகத் தொலைந்துபோன குடையைப் பற்றியும் குறுக்கே நிறுத்திய வண்டியைப் பற்றியும்தான் சொல்வார்கள். அன்றைக்கு லரஸாதி பேசினாள். கடைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்ஸ்யூலைப் பிரித்துப் பாருங்கள், பழுப்பாக இருந்தால் முழுங்காதீர்கள், எலும்பு வலித்தாலோ எறும்பு வந்தாலோ டாக்டர் ஹெர்லினாவிடம் போங்கள் என்றாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. மீன்காரிதான் கீழே நின்று இருவருக்கும் சேர்த்துத் திட்டினாள்.

இருட்டுவதற்குள் டாக்டர் ஹெர்லினாவின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பலருக்கு ஒன்றுமில்லை, பயம்தான். ஆனால் எலும்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது, ஒரு சிகிச்சை கிடைத்தது, சர்க்கரை வியாதி இல்லை என்ற நிம்மதியும் கிடைத்தது. சகிமின் படுக்கையில் கிடந்தபடி, தன் வண்டியை யார் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று கவலைப்பட்டான்.

மற்றவர்கள் நேராக சுமித்ரோ வீட்டுக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவரை ஆஸ்பத்திரிக் காவலுக்குக் கொண்டுபோக வண்டிக்குக் காத்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்று, வாங்கின பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வீசினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் வீசினார்கள். சிலர் துப்பிவிட்டு வீசினார்கள். புல்தரை முழுக்கப் பளபள அட்டைகள் குவிந்தன. இபு ராத்ரி சுவரோரம் நின்று, பிரியமானவர்களின் கல்யாணத்தைப் பார்க்கிறவள் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை தூறத் தொடங்கியது. சுமித்ரோ நாற்காலியிலிருந்து எக்கி எக்கிப் பார்த்தார். மனம் குமைகிறது போலும் என்று நான்கூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

"பீமோ," என்றார் அவர் அடிக்குரலில். "பெட்டியெல்லாம் நனையுது பாரு. சீக்கிரம் உள்ள எடுத்து வை. அட்டையை மாத்தினாப் போதும்."

இன்ஸ்பெக்டர் ஹண்டோகோ அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கைவிலங்கை வெளியே எடுத்தார். நோயாளிக்கு அது வேண்டாம் என்றுதான் அதுவரை பைக்குள்ளேயே வைத்திருந்தார்.